பெரட்டுக் களத்தில் ஒரு தீர்மானம்

கூட்டத்தில் நிற்கும் ஒருவர் கையை உயர்த்தினால் அவர் எதற்குச் சம்மதிக்கிறார்? அரசியலும் பொருளாதாரமும் படித்துப் பட்டம் பெற்ற எனக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றியதில்லை. மலாய் நாட்டுப் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், சுங்காய் ரயில் நிலையத்திலிருந்து மாட்டு வண்டியில் ஒரு மணி நேரம் போக வேண்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் கிராணியாக, அதாவது கணக்கெழுத்தனாக இருக்கிறேன். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடந்த காரியம் இந்தக் கேள்வியை என் முன் வைத்தது. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு அது அற்பமாகத் தெரியலாம். இந்தக் கரையில் இருப்பவர்கள் ஒருவேளை என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். இரண்டுக்கும் நான் உடன்படுகிறேன்.

இங்கே ஒரு மனிதரின் நாள் தொடங்கும் விதத்தை முதலில் சொல்ல வேண்டும். பொழுது புலர்வதற்கு முன் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைக் காவலர் அடிப்பார். லயங்கள் என்னும் வரிசை வீடுகளிலிருந்து ஆண்களும் பெண்களும் வாளியும் வெட்டுக் கத்தியுமாக வந்து, அலுவலகத்துக்கு முன்னுள்ள திடலில் வரிசையாக நிற்பார்கள். இதற்குப் பெரட்டு என்று பெயர். நான் ஒரு பலகையின் மேல் ஏறி நின்று, வருகை பதியும் செக்ரோல் புத்தகத்தைப் பிரித்து, அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் பெயர் பெயராகக் கூப்பிடுவேன். யாரும் வாயால் பதில் சொல்வதில்லை. வராதவனுக்காகப் பக்கத்தில் நிற்பவன் குரல் கொடுத்துவிடுகிறான் என்று முன்பிருந்த துரை ஒருவர், கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டாராம். துரை போய்விட்டார், கை தூக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. வந்த புதிதில் இது எனக்கு விசித்திரமாக இருந்தது. பனியில் முகங்கள் தெரியாது. நான் ஒரு பெயரைச் சொல்வேன், இருட்டிலிருந்து ஒரு கை எழும், இறங்கும். சில மாதங்களில் பழகிவிட்டது, பழகியதுதான் பிழை.

மாதத்தில் இரண்டு ஞாயிறுகளில் நான் ஈப்போவுக்குப் போவேன். ரயில் நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் மலாய்க்காரர் ஒவ்வொரு முறையும் "பாலேக் கம்போங்?" என்று கேட்பார், ஊருக்குத் திரும்புகிறீர்களா என்று. "ஈப்போ" என்பேன். ஈப்போதான் என் சொந்த ஊர் என்று அவர் எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியோடு தலையசைப்பார். திருத்துவதற்கு வேண்டிய மலாய் என்னிடம் இல்லை. ஈப்போவில் ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் விவாத சங்கம் கூடும். கடை செய்யது ராவுத்தருடையது. நாகூருக்கு அருகிலிருந்து இளைஞராக வந்து, தலை நரைக்கும்வரை இங்கே வியாபாரம் செய்தவர். கீழே அவர் மான்செஸ்டர் மல் துணி விற்க, மேலே நாங்கள் கதர் உடுத்திக்கொண்டு அந்நியத் துணியைக் கண்டிப்போம். "என் மாடியிலே உக்காந்து என் துணியத் திட்டுறீங்க, சரி. என் டீயை மட்டும் யாரும் பகிஷ்காரம் பண்றதில்லயே" என்பார் அவர்.

நான் அந்தச் சங்கத்தின் செயலாளன். என் வாதம் எளிமையானது. ஒரு நாடு விடுதலை பெற்றதற்கு முதல் அடையாளம், தன் மக்களை மலிவான உழைப்பாகக் கப்பலேற்றுவதை அது நிறுத்துவதே. ஆள் வரத்து நின்றால் இங்குள்ள தோட்டங்கள் இருப்பவர்களுக்கு நல்ல கூலி கொடுத்தே ஆக வேண்டும். தாய்நாட்டிலேயே தங்கிவிடும் கைகள் தறிக்கும் நிலத்துக்கும் பயன்படும். சுயராஜ்யம் வரும்வரை காத்திராமல் இந்தத் தடையை இன்றே கோருவது, சுயராஜ்யத்தை முன்கூட்டி வாழ்ந்து பார்ப்பதாகும். இதை நான் பல ஞாயிறுகள் பேசியிருக்கிறேன். ராவுத்தர் ஒரே ஒரு மறுப்பைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

"கேக்க நல்லாத்தான் இருக்குலா, தம்பி. இன்னிக்கு ரெண்டு கரைக்கும் ஒரே ராஜா. பினாங்குல ஏறுறேன், நாகப்பட்டினத்துல இறங்குறேன், நீ யாருன்னு ஒருத்தன் கேக்கமாட்டான். நாளைக்கு அது ஒரு நாடு, இது ஒரு நாடுன்னு ஆச்சுன்னா நடுக்கடல்ல வேலி போடுவான். அப்ப நான் எந்தப் பக்கத்து ஆளு? அதச் சொல்லிட்டுப் பெறகு கொடிய ஏத்துங்க."

"இரண்டு கூண்டுகளுக்கு ஒரே பூட்டு என்பதால் கூண்டு வீடாகிவிடுமா?" என்று நான் ஒருமுறை பதில் சொன்னேன். கைதட்டல் எழுந்தது. அந்த வாக்கியத்தை நான் நெடுநாள் என்னிடமே சொல்லிப் பார்த்து மகிழ்ந்தேன். ராவுத்தர் மட்டும், "பதில் நல்லாருக்கு. நான் கேட்டது அப்படியேதான் கெடக்கு" என்றார்.

ஒரே நிகழ்ச்சியிலிருந்து இருவர் எதிரெதிரான முடிவுகளுக்கு எப்படி வருகிறோம் என்பதை அந்த மாடியில்தான் கண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ரப்பர் விலை விழுந்தபோது தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. திருப்பி அனுப்பப்பட வேண்டியவர்களின் பெயர்களை அதே பலகையில் நின்று வாசித்தவன் நான்தான். கைகள் எழுந்தன, இறங்கின. மறுநாள் அவர்கள் மூட்டைகளோடு பினாங்கு ரயிலேறினார்கள். ஓர் ஆண்டுக்குள் பலர் திரும்பி வந்தார்கள். ஊரில் மழையில்லை, வேலையில்லை என்றார்கள். மனிதர்களைச் சரக்குப் போல இறக்குவதும் ஏற்றுவதுமா என்று நான் குமுறினேன். ராவுத்தரோ, "போக ஒரு எடம் இருந்துச்சு, வர ஒரு வழி இருந்துச்சு. இது ரெண்டும் இல்லாத நாளையும் நெனச்சுப் பாருங்க" என்றார். அவர் வியாபாரி, ஆகவே அப்படித்தான் பேசுவார் என்று நான் ஒதுக்கிவிட்டேன். இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சென்னையிலிருந்து ஒரு வழக்கறிஞர் சுற்றுப் பயணமாக வந்தார். தோட்டத் தொழிலாளரின் அபிப்பிராயத்தைத் திரட்டி, ஆள் அனுப்புவதை நிறுத்தக் கோரும் அறிக்கை ஒன்றை அங்குள்ள அரசாங்கத்திடம் சமர்ப்பிப்பது அவர் நோக்கம். "நாம் சொன்னால் படித்தவன் கலகம் என்பார்கள். அவர்களே சொன்னால் சாட்சியம்" என்றார். எங்கள் தோட்டத்துக்கு அவரை அழைத்து வரும் பொறுப்பை நான் ஏற்றேன். அரசியல் பேசக்கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகக்கூடாது என்ற நிபந்தனையோடு இப்போதைய துரை அனுமதி கொடுத்தார். ஞாயிறு காலை எல்லோரும் திடலுக்கு வர வேண்டும் என்று கங்காணிகள் வழியாகச் சொல்லி அனுப்பினேன். விடுமுறை நாளாயினும் வந்தார்கள். யாரும் சொல்லாமலே வழக்கமான வரிசைகளில் நின்றார்கள். அதை நான் ஒழுங்கு என்று பெருமையாகக் கருதினேன்.

வழக்கறிஞர் அருமையாகப் பேசினார். பாரத மாதா, மானம், உழைப்பின் மதிப்பு என்று சொற்கள் அருவிபோல் விழுந்தன. பிறகு நான் பலகையில் ஏறித் தீர்மானத்தை வாசித்தேன்: தாய்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை உடனே நிறுத்த வேண்டும். "ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றேன். ஒரு கை விடாமல் அத்தனையும் உயர்ந்தன. வழக்கறிஞரின் கண்கள் கலங்கின. அவர் முறை தெரிந்தவர். "எதிர்ப்பவர்களையும் கேட்டுவிடலாமே" என்று மெல்லச் சொன்னார். "தேவையில்லை, ஒருமனதாக நிறைவேறிவிட்டது" என்று சொன்னவன் நான்தான்.

இரண்டு நாள் கழித்து, ரப்பர்ப் பாலை நிறுத்து முடித்த பிற்பகலில் அலுவலகச் சன்னலுக்கு வெளியே பச்சையம்மாள் வந்து நின்றாள். பத்து ஆண்டுகளாக இங்கே மரம் வெட்டிப் பால் எடுப்பவள்; அதிகம் பேசாதவள். அவளோடு அவள் லயத்துப் பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

"கிராணியய்யா, கங்காணி எந்தங்கச்சி பேர அடிச்சிட்டாருங்க" என்றாள்.

விவரம் இதுதான். ஆத்தூர்ப் பக்கத்தில் ஒரு பண்ணையில் பிறந்தவர்கள் இந்த அக்காளும் தங்கையும். தாய் இறந்துவிட்டாள், தங்கை அஞ்சலை அங்கே தனியாக இருக்கிறாள். பண்ணையை விட்டு அவள் போய்விடக் கூடாது என்று, அங்கேயே மாடு மேய்க்கும் மனைவியிழந்த ஒருவனுக்கு வருகிற தையில் அவளைக் கட்டிவைக்க ஆண்டை முடிவு செய்திருக்கிறார். அவனுக்கு அவளைப்போல் இரண்டு மடங்கு வயது. மாரிமுத்துக் கங்காணி ஆள் சேர்க்க ஊருக்குப் புறப்படுகிறார். அவர் அழைத்துவர வேண்டியவர்களின் பட்டியலில் அஞ்சலையின் பெயர் இருந்தது. இப்போது இல்லை.

"ஏன் அடித்தாராம்?"

"ஆளு வரக்கூடாதுன்னு நானே கை தூக்கிட்டனாம்."

"நீ தூக்கினாய்தானே, அம்மா?"

"தூக்குனேங்க. நீங்கதான தூக்கச் சொன்னீங்க? பெரட்டுன்னாங்க, வந்தோம். செக்ரோலக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு அந்தப் பலக மேல நின்னீங்க. தூக்கலேன்னா ஆளு வரலேன்னு போட்டுருவீங்களே!"

நான் திடுக்கிட்டேன். செக்ரோல் புத்தகத்தை அன்று நான் எடுத்துப் போனது எனக்கே நினைவில்லை. கை அதன் பழக்கத்தில் எடுத்திருக்கிறது. பின்னால் நின்ற பெண் சிரிப்பை அடக்க முடியாமல், "நான் ரெண்டு கையும் தூக்குனேங்க. போன வாரம் ஒரு நாள் வரல பாருங்க, அதுக்கும் சேத்து" என்றாள்.

"அந்த ஐயா பேசியது ஒன்றும் விளங்கவில்லையா?"

"நல்லாத்தான் பேசினாரு. கோயில்ல மந்தரஞ் சொல்றாப்பல இருந்துச்சு. நடுவுல கேக்கலாமா?" என்றாள் பச்சையம்மாள்.

அப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நாடு நம்முடையதானால் ஆண்டைகளின் கொட்டமும் அடங்கும், உன் தங்கை அங்கேயே மானமாக வாழலாம் என்று பொறுமையாக விளக்கினேன். அவள் அதே பொறுமையோடு கேட்டாள். பிறகு சொன்னாள்: "ஆண்டைக்கு எங்காத்தா பேரு, பாட்டன் பேரு, நான் எந்தக் கொட்டாயில பொறந்தேன் எல்லாந் தெரியும்யா. இங்க தொரைக்கு எம் பேரே தெரியாது. அதுவே எனக்கு நிம்மதி."

நூல்களில் நான் படித்த விடுதலைகள் பல. இப்படி ஒன்றை எதிலும் படித்ததில்லை. அது போதுமான விடுதலை அல்ல என்று இன்றும் எண்ணுகிறேன். ஆனால் அது விடுதலையே அல்ல என்று சொல்லும் தகுதி, ஒருநாளும் பண்ணையில் நிற்காத எனக்கு இல்லை.

மாரிமுத்துக் கங்காணியைத் தேடிப் போனேன். அவர் தம் வீட்டு வாசலில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். "தோட்டமே கூடி ஆளு வேணாம்னு கை தூக்கிருச்சு, கிராணியாரே. அதுக்கு மேல நான் போய்க் கூட்டியாந்தா சுயராச்சியத்துக்குத் துரோகியில்ல?" என்றார். பட்டியலில் அவருடைய சொந்தக்காரர் பெயர்கள் மட்டும் அடிபடாமல் இருப்பதைச் சுட்டினேன். "அவுங்க வூட்டாளுங்க கை தூக்கலயே. நாந்தான் பக்கத்துல நின்னு பாத்தேன்" என்று கண்ணைச் சிமிட்டினார். கெஞ்சினேன். "நீங்க எழுதுன தீர்மானம் சாமி, நீங்களே அழிங்க" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை முடிந்தார். மறுநாள் அவர் போய்விட்டார்.

வழக்கறிஞர் அந்த வாரக் கடைசிவரை ஈப்போவில் தங்கியிருந்தார். அவருக்குச் சங்கத்தின் வழியனுப்பு விருந்து ராவுத்தர் கடை மாடியில் நடந்தது. எல்லோர் முன்னிலும் எழுந்து, அஞ்சலைக்கு நேர்ந்ததைச் சொல்லி, எங்கள் தோட்டத்துத் தீர்மானம் தீர்மானமே அல்ல, அன்று மக்கள் தங்கள் வருகையைப் பதிவு செய்தார்களே தவிர வாக்களிக்கவில்லை, பிழை முழுவதும் என்னுடையது என்றேன். வழக்கறிஞர் கெட்டவர் அல்லர். என் தோளைத் தொட்டு, "உங்கள் மனச்சாட்சியை மெச்சுகிறேன். ஆனால் ஒருத்தியின் வசதிக்காகத் தேசத்தின் கொள்கை காத்திருக்க முடியுமா? அறிக்கை தட்டச்சாகிவிட்டது. வேண்டுமானால் ஓர் அடிக்குறிப்பு சேர்க்கிறேன்" என்றார். அவருடைய வாதம் என்னுடைய வாதந்தான், சொற்கள்கூட என்னுடையவை. அதை வேறொருவர் வாயிலிருந்து கேட்கும்போது அதன் எடை தெரிந்தது. தடை வந்தால் கூலி உயரும் என்பது உண்மையாகவே இருக்கலாம். உயரும் கூலியைப் பச்சையம்மாள் பெறுவாள்; அதன் விலையை அஞ்சலை கொடுப்பாள். இந்த இருவரையும் நான் 'மக்கள்' என்ற ஒரே சொல்லால் குறித்துவந்தேன். நான் அடிக்குறிப்பு வேண்டாம், தோட்டத்தின் பெயரையே நீக்குங்கள் என்றேன். நீக்கினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லோரும் கலைந்த பின் ராவுத்தர் எதிரில் வந்து உட்கார்ந்தார். வெற்றி கொண்டாடுவார் என்று எதிர்பார்த்தேன். "அந்தப் புள்ளைக்கு இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

கங்காணி இல்லாமலும் வர ஒரு வழி இருந்தது. தோட்டத்தில் உறவினர் இருப்பதாகத் துரையின் கடிதம் இருந்தால், ஆட்களைக் கப்பலேற்றும் நாகப்பட்டினத்து முகாமில் தானாகவே போய்ச் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் கடிதம் அவள் கைக்குப் போக வேண்டுமே! பண்ணைக்கு வரும் தபாலை ஆண்டை வீட்டில்தான் பிரிப்பார்கள். "ஆத்தூர்ச் சந்தையிலே எஞ் சகலை கட வச்சிருக்கான். சந்தைக்கு வர்ற பண்ண ஆளுங்களத் தெரியும். கடுதாசிய அவனுக்கு அனுப்புவோம், படிச்சும் சொல்லுவான், ரயிலும் ஏத்திவுடுவான்" என்றார் ராவுத்தர். படியிறங்கும்போது அவரால் அடக்க முடியவில்லை: "வேலி போடுறதுக்குள்ள எழுதிருங்க, தம்பி."

துரையிடம் கடிதத்தைக் கையெழுத்துக்கு வைத்தேன். அவர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உங்கள் ஆட்கள் வரவே கூடாது என்பதல்லவா உமது கட்சி? அரசியலை மாற்றிக்கொண்டீரா? நல்லது, நல்லது" என்றார். மாற்றிக்கொள்ளவில்லை என்றேன். அவர் சிரித்தார்; பணிவினால் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். விளக்கத் தொடங்கினேன், நிறுத்திவிட்டேன். நான் சொல்லியிருக்க வேண்டியது அவருடைய மொழியில் மட்டுமல்ல, எந்த மொழியிலும் எனக்கு அப்போது கோவையாக வரவில்லை. தோட்டங்களுக்கு ஆள் வருவதை நிறுத்த வேண்டும் என்று நம்பிக்கொண்டே, ஓர் ஆளை வரவழைக்கும் கடிதத்தை மையொற்றி மடித்தேன். களைப்பாக இருந்தது. கொள்கையை விட்டவனுக்கும் ஒரு நிம்மதி உண்டு, விடாதவனுக்கும் உண்டு. நடுவில் நிற்பவனுக்குத்தான் உட்கார இடமில்லை.

தைக்கு முன்பே அஞ்சலை பண்ணையை விட்டுவிட்டாள். கப்பல், பினாங்கில் நோய்த்தடுப்பு முகாம் எல்லாம் கடந்து ஒரு பிற்பகலில் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். அக்காளும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று எண்ணி நான் ஒதுங்கி நின்றேன். பச்சையம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்து, "ஏண்டி, ஆத்தாளோட தோடு எங்கடி?" என்றாள். "கப்பல்லயே காணாமப் போச்சு" என்று இவள் சொல்ல, அங்கேயே சண்டை தொடங்கிவிட்டது. லயத்துக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சண்டை கேட்டுக்கொண்டிருந்தது. பல மாதங்களில் நான் கேட்ட இன்பமான ஓசை அதுதான்.

சில நாள் கழித்துப் பெயர் பதிவதற்காக அவள் அலுவலகத்துக்கு வந்தாள். என் கதர்ச் சட்டையை உற்றுப் பார்த்தாள்.

"எங்க ஆண்டகூட இந்தத் துணிதாங்க இப்ப. போன மாசி ஊர்கோலம் வுட்டாரு. எங்களையெல்லாம் பின்னால வந்து கத்தச் சொன்னாரு. கத்துனோம்."

"என்னவென்று கத்தினீர்கள்?"

"சொயராச்சியம்னு." சிறிது தயங்கினாள். "ஏங்கய்யா, அது வந்துச்சுன்னா எங்கள அங்க கூப்புட்டுக்குவாங்களா, இல்ல போனவ போனதுதான்னு வுட்டுருவாங்களா? இந்த ஊர்க்காரங்களுக்கும் அது மாதிரி ஒண்ணு வந்தா அவுங்க எங்கள இருன்னு சொல்லுவாங்களா?"

எங்கள் சங்கத்தில் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். இந்த நாட்டுக்கு வந்தபின் நான் முழு மனதோடு சொன்ன முதல் பதில் அதுவாக இருக்கலாம்.

அதற்குப் பிறகு மாறியது இவ்வளவுதான். கதரை விடவில்லை, நாடு விடுதலை பெற வேண்டும் என்ற விருப்பமும் குறையவில்லை. சங்கத்தின் செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டேன். தோட்ட மக்களின் பெயரால் இனி எந்தத் தீர்மானத்தையும் முன்மொழிவதில்லை. ஞாயிறுகளில் லயத்தின் ஓரத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவரிடம் தனித்தனியாகக் கேட்டு, சொன்னதைத் திரும்ப வாசித்துக் காட்டி எழுதித் தருகிறேன். ஊரிலிருந்து தம்பியை அழைத்துக்கொள்ள வேண்டும் என்பவருக்கு ஒரு விண்ணப்பம். ஊருக்கே போய்விட வேண்டும் என்பவருக்கு இன்னொன்று. இரண்டு கட்டுகளும் ஒரே மேசையில் இருக்கின்றன. என் பெயரில் இரண்டில் எதையும் நான் இன்னும் எழுதவில்லை.